அமெரிக்கத் தென்மாநில வீட்டுச் சமையல்: ஊதாப் பயறு, காலர்டு கீரை, கார்ன்பிரெட்… பன்றிக்கொழுப்பு இல்லாமல் முடியுமா?

செம்மண்வீடு | மேகன், ஜார்ஜியா

எல்லாருக்கும் வணக்கம். அட்லாண்டா அபார்ட்மெண்டை விட்டு மேகன் பக்கம் தனி வீட்டுக்கு வந்துட்டோம். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. வீட்டுக்குப் பின்னாடி முழுக்கத் தோட்டம்தான். ஜூன் பிறந்ததிலிருந்து வேலிக்கு மேலே ஒரு பை வராத வாரமே இல்லை. இந்த வாரத்து வரவு: ஊதாத் தோல் பயறு ஒரு வாளி (உரிக்காதது), வெண்டைக்காய், கழுத்து வளைந்த மஞ்சள் ஸ்குவாஷ் (பூசணி வகைக் காய்), கல்லு மாதிரி பச்சைத் தக்காளி.

வெண்டைக்காய்ப் பொரியல் எனக்கும் தெரியும். எல்லாத்தையும் கடுகு தாளித்துத் தேங்காய்ப்பூ தூவி முடிச்சிடலாம்தான். ஆனா இந்த ஊர்க்காரங்க தங்கள் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சமைப்பாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. ஹோட்டல் ஃப்ரைடு சிக்கன் சமாசாரம் வேண்டாம், வார நாளில் அடுப்பில் ஏறுகிற சாப்பாடு வேணும்.

ரெண்டு சிக்கல். நான் சைவம், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எல்லாம் சாப்பிடுவாங்க. அந்த அம்மாகிட்ட எந்தக் காயைப் பற்றிக் கேட்டாலும் முதல் வரி பன்றிக்கொழுப்புதான். அது இல்லாமல் ஆகுமா? அடுத்தது கார்ன்பிரெட், அதான் மக்காச்சோள மாவு ரொட்டி. பாதிப் பேர் சர்க்கரை போடச் சொல்றாங்க, மீதிப் பேர் சர்க்கரைன்னாலே சண்டைக்கு வர்றாங்க. யார் பேச்சைக் கேக்கிறது?

---

கரிசல்மைந்தன் | ஹன்ட்ஸ்வில், அலபாமா

அக்கா, அது பர்ப்பிள் ஹல் பயறு. நம்ம காராமணி குடும்பம்தான். இங்க இதைத் தோட்டத்தில் போடாத பழைய ஆளே கிடையாது. ஆர்கன்சாவில் எமர்சன்னு ஒரு சின்ன ஊர், இந்தப் பயறுக்குன்னே வருஷா வருஷம் திருவிழா நடத்துது. அப்படின்னா பாத்துக்கோங்க.

உரிக்கிறப்போ பழைய துணி கட்டிக்கோங்க. கட்டைவிரல் நகக்கண்ணில் ஏறுற ஊதாக் கறை நாலு நாளைக்குப் போகாது. தோல் முழுக்க ஊதாவாகி, தொட்டா லேசா துவண்டு இருந்தா சுலபமா பிளக்கும். பச்சை ஓடின காயை உரிச்சு மல்லுக்கட்ட வேண்டாம். பிஞ்சை அப்படியே ஒடிச்சு பயறோட போட்டுடலாம், இங்கயும் அப்படித்தான் செய்றாங்க.

சமையல் ரொம்ப எளிசு. ஊறவைக்கக் கூடாது, குக்கர் கூடவே கூடாது. காயாத புதுப் பயறு குக்கரில் ஒரு விசிலுக்கே களியாயிடும். அகலப் பாத்திரத்தில் பயறு போட்டு, அதுக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணி நிக்கட்டும். பாதி வெங்காயம், தட்டின பூண்டு ரெண்டு பல், ஒரு காஞ்ச மிளகாய். கொதி வந்ததும் தீயைக் குறைச்சு நுரையை எடுத்துட்டு 30-40 நிமிஷம் விடுங்க. தண்ணி சாறா மாறி லேசா கெட்டிப்படும். அந்தச் சாறுதான் விஷயமே, வடிகட்டி ஊத்திடாதீங்க.

இப்ப வெண்டைக்காய். சுண்டுவிரல் நீளப் பிஞ்சா பொறுக்கி எடுங்க. காம்பு நுனியை மட்டும் சீவணும், காய்க்குள்ள இருக்கிற அறை திறக்கக் கூடாது. கடைசிப் பத்து நிமிஷத்தில் பயறுக்கு மேலே அப்படியே முழுசா அடுக்கி மூடிடுங்க. கரண்டி போடாதீங்க. ஆவியிலயே வெந்திடும், வழவழப்பும் இறங்காது. தட்டில் சாறோட பயறு, மேலே ரெண்டு வெண்டைக்காய், பக்கத்தில் நறுக்கின தக்காளி, பச்சை வெங்காயம் ஒரு வில்லை. நீங்க ஜார்ஜியாவில் இருக்கீங்க, விடேலியா வெங்காயம் சீசன் முடியறதுக்குள்ள வாங்கி வச்சுக்கோங்க. மண்ணில் கந்தகம் குறைவுங்கிறதால் அதில் காரம் இருக்காது. 1986-ல் சட்டமே போட்டு, அந்த வட்டாரத்தில் விளைஞ்சதுக்கு மட்டும்தான் அந்தப் பேருன்னு வச்சிருக்காங்க.

---

வாணி_ராலே | ராலே, வட கரோலினா

பன்றிக்கொழுப்புக் கேள்விக்கு நான் வரேன். நானும் சைவம், இங்கே வந்து பல வருஷமாச்சு.

முதலில் ஒன்று. இந்த ஊர் வீட்டுச் சாப்பாட்டில் மாமிசம் பெரும்பாலும் வாசனைக்குத்தான். ஒரு பானைக் கீரைக்கு ஒரு துண்டு ஹாம் ஹாக், அதாவது புகையில் போட்ட பன்றிக்கால் முட்டி. தட்டு முழுக்கக் காய்கறிதான். இங்கே 'மீட் அண்ட் த்ரீ' கடைகளில் ஒரு கறியும் மூன்று காயும் தருவார்கள். கறியே வேண்டாம், நாலும் காயாகப் போடு என்று கேட்டால் 'வெஜிடபிள் பிளேட்' என்று சந்தோஷமாகப் போடுவார்கள். (மக்ரோனி சீஸும் அந்தக் காய்ப் பட்டியலில்தான் இருக்கும். கேட்காதீர்கள், அது அவர்கள் நம்பிக்கை.) ஆனால் எச்சரிக்கை: அந்தக் காய்களில் முக்கால்வாசி ஹாம் ஹாக்கோடு வெந்தது. கடையில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், வீட்டில் நம் கையில் இருக்கிறது.

கொழுப்பு மூன்று வேலை செய்கிறது: உப்பு, புகை வாசனை, எண்ணெய்ப் பசை. மூன்றையும் தனித்தனியாக ஈடுகட்டினால் போதும். எண்ணெய்க்குக் கடலை எண்ணெய், இந்த மண்ணுக்கும் அது சொந்தம்தான். புகைக்கு, புகைபோட்ட மிளகாய்த்தூள் (ஸ்மோக்ட் பாப்ரிகா) அரை ஸ்பூன். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கம் இரும்புச் சட்டியில் படும்படி கவிழ்த்து, கறுப்பாகத் தீயும்வரை விட்டு அப்படியே பானையில் போடுவது. சாறு பழுப்பாகி அடிச்சுவை வந்துவிடும். கடைசியில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். நாம் உப்பில் கை நடுங்குவதால்தான் 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும்.

பெருங்காயம் போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அப்புறம் அது சாம்பாருக்குச் சித்தி மகள் ஆகிவிடும்.

---

யாழ்நிலா | சார்லட், வட கரோலினா

நாங்கள் ஊரிலை இந்தப் பயத்தைக் கௌபி எண்டு அவிச்சு, தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் வைச்சுக் காலமைச் சாப்பாடாய்ச் சாப்பிடுறனாங்கள். இஞ்சை முதல்தரம் இந்தப் பயத்தைச் சோறோடை சேர்த்து வைச்சதைக் கண்டது ஒரு புதுவருசத்திலை. ஹொப்பின் ஜோன் எண்டு சொல்லுவினம். பயறு காசு, கீரை நோட்டு, கோர்ன்பிரெட் பொன், அதாலை முதலாந்தேதி மூண்டையும் சாப்பிட்டால் வருசம் முழுக்கக் கையிலை காசு புழங்குமாம். எனக்கு இன்னும் புழங்கேல்லை, ஆனால் சாப்பாடு நல்லாய் இருக்கு.

ஒரு விசயம். சோறு உதிரி உதிரியாய் இருக்கவேணும். பயறு அவிச்ச தண்ணியிலையே அரிசியை அவிச்சால்தான் நிறமும் ருசியும் ஏறும். பயத்தை முக்கால் பதத்திலை எடுத்து வைச்சிட்டு, அந்தச் சாறை அளந்து அரிசி போட்டு, கடைசியிலை பயத்தைச் சேர்த்து மூடி வைக்கவேணும். பச்சை அரிசியையும் பயத்தையும் ஒண்டாய்ப் போட்டால் ஒண்டு வேகும், மற்றது குழையும்.

---

அடுப்படி_அரசியல் | மெம்பிஸ், டென்னசி

நல்ல இழை. ஆனால் 'பாட்டி தோட்டம், பாட்டி கைப்பக்குவம்' என்று பேச்சு கொஞ்சம் தித்திப்பாகப் போவதால் ஒரு சிட்டிகை உப்பு போடுகிறேன்.

காராமணியும் வெண்டையும் இந்த மண்ணுக்கு எப்படி வந்தன? ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பல்களின் வழியே. கரோலினாக் கடலோரத்து நெல் வயல்களும் மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் கைத்திறமையில் எழுந்தவை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் செரோக்கி, மஸ்கோகி, சாக்டா என்ற பூர்வகுடி மக்களுடையவை. பண்ணை வீட்டுச் சமையலறையில் நின்று சமைத்தது பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அச்சில் ஏறிய குறிப்புகளிலோ வீட்டு எஜமானியின் பெயர். 'குடும்பச் செய்முறை' என்று யாராவது நீட்டினால் யாருடைய குடும்பம் என்று கேட்கத்தான் வேண்டும்.

தோட்டம் எல்லாருக்கும் இருந்தது என்பதும் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு குத்தகைக்குப் பருத்தி விளைவித்தவர்களில் பலருக்குச் சொந்தக் காய்த்தோட்டம் கிடையாது. பருத்தி வீட்டு வாசற்படி வரை நட வேண்டும் என்று நிலக்காரர் சொன்னால் நட்டுத்தான் ஆகணும். சாப்பாடு என்ன? சோள மாவு, கொழுப்புக் கறி, மொலாசஸ் பாகு. அதில் வந்த நோய் பெலாக்ரா. தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலித்துச் செத்தார்கள். தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1914-ல் அரசு அனுப்பிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர்தான் இது கிருமியால் வருவதில்லை, தட்டில் இருக்கிற குறைபாடு என்று காட்டினார். குறைவாக இருந்த சத்து நயாசின் (பி வைட்டமின்களில் ஒன்று) என்பது 1937-ல்தான் தெரிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், பூர்வகுடிகள் சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்துத்தான் சாப்பிட்டார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சத்து உடம்பில் சேரும். மில்லில் அரைத்தவர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு அந்த முறையை விட்டுவிட்டார்கள்.

ஆக, இந்தத் தட்டில் பயறும் கீரையும் இருப்பது வெறும் ருசிக்காக இல்லை. அது இருந்த வீடு பிழைத்தது.

---

கரிசல்மைந்தன்

அண்ணாச்சி சொல்றது நியாயம். அதோட சேர்த்து இன்னொண்ணு. எங்க அலபாமாவில் டஸ்கீகியில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்ங்கிற விவசாய விஞ்ஞானி 1896-லிருந்து இதே வேலையைத்தான் பாத்தார். பருத்தி போட்டுப் போட்டுச் சத்தே இல்லாம போன மண்ணில் காராமணி, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி போடுங்கன்னு வண்டியில் ஊர் ஊராப் போய்ச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அவருது. மண்ணுக்குத் தழைச்சத்து, வீட்டுக்குச் சாப்பாடு. 1916-ல் அவர் போட்ட பிரசுரத்தில் கடலையை 105 விதமா சமைக்க வழி இருக்கு. அடிமையாப் பிறந்த மனுஷன்.

கடலைன்னதும் ஞாபகம் வருது, ஆகஸ்டில் ரோட்டோரத்தில் 'பாயில்டு பீநட்ஸ்' போர்டு பாத்தா வண்டியை நிறுத்துங்க. நம்ம அவிச்ச கடலையேதான். ஆனா உப்பு நல்லா உள்ள இறங்கற வரைக்கும் மணிக்கணக்கா கொதிக்க விடுவாங்க, தோலைக் கடிச்சா உப்புத்தண்ணி பீச்சும்.

---

செம்மண்வீடு

பயறு இன்னிக்கு அடுப்பில். வெண்டைக்காயை மேலே அடுக்கியாச்சு, கரண்டியை ஒளிச்சு வெச்சாச்சு :) அண்ணா சொன்ன பெலாக்ரா விஷயம் எனக்குச் சுத்தமாத் தெரியாது, நன்றி.

கார்ன்பிரெட்டுக்கு ஒருத்தரும் வாய் திறக்கலையே?

---

சட்டிப்பானை | சட்டநூகா, டென்னசி

வாய் திறந்தால் சண்டை வரும் என்று பயந்திருப்பார்கள். நான் திறக்கிறேன்.

சட்டி: வார்ப்பிரும்பு, பத்து அங்குலம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில்தான் லாட்ஜ் கம்பெனி 1896-லிருந்து இந்தச் சட்டியை வார்க்கிறது. கார்ன்பிரெட் திருவிழாவும் அங்கேதான். ஊரிலிருந்து கொண்டுவந்த கனமான இரும்பு வாணலி, கைப்பிடியும் இரும்பாக இருந்தால் அதுவும் ஓடும்.

மாவு: கடையில் 'செல்ஃப் ரைசிங் கார்ன்மீல்' என்று கேளுங்கள், வெள்ளை. ரவை மாதிரி நெருநெருவென்று இருக்கணும். சூப் கெட்டிப்படுத்தும் வழவழ கார்ன் ஸ்டார்ச்சை வாங்கிவிட்டால் பசைதான் கிண்டலாம். ரெண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் பட்டர்மில்க், ஒரு முட்டை, கால் கப் எண்ணெய். இங்கத்து பட்டர்மில்க் நம்ம நீர்மோர் இல்லை, கெட்டியான புளிப்புச் சமாசாரம். தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தாலும் சரி.

வேலை: ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (218 செல்சியஸ்) போட்டு, வெறும் சட்டியை உள்ளே வைத்துவிடுங்கள். இதைத் தாண்டிக் குறுக்குவழி கிடையாது. மாவை இட்லி மாவு பதத்துக்குக் கலந்து தயாராக வைத்துக்கொண்டு, சட்டியை வெளியே எடுத்து, அளந்து வைத்த எண்ணெயை அதில் ஊற்றிச் சுழற்றுங்கள். மிச்ச எண்ணெயை மாவில் கொட்டி ஒரு கிளறு, உடனே மாவைச் சட்டியில் ஊற்றுங்கள். 'சுர்ர்' என்று சத்தம் வரணும். வராவிட்டால் சட்டி சூடாகலை. 20-25 நிமிஷம். கவிழ்த்தால் அடிப்பக்கம் நல்ல பழுப்பில் மொறுமொறுவென்று ஒரு தோல் இருக்கும். அந்தத் தோலுக்காகத்தான் இத்தனை பாடும்.

சர்க்கரை: நான் போடுவதில்லை. பயறுச் சாற்றில் தொட்டுச் சாப்பிடும் பண்டத்துக்கு இனிப்பு எதற்கு? ஆனால் போடுகிறவர்களைத் திட்டவும் மாட்டேன். மஞ்சள் சோளமும் சர்க்கரையும் பல கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை வழக்கம். 'அசல் தெற்கத்திக்காரன் சர்க்கரை போடமாட்டான்' என்கிறவர்கள் அந்த வீடுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

முட்டையும் சேர்க்காதவர் என்றால் உங்களுக்கு 'ஹாட் வாட்டர் கார்ன்பிரெட்' இருக்கிறது. இதற்கு மட்டும் சாதா கார்ன்மீல், செல்ஃப் ரைசிங் வேண்டாம். ஒரு கப்புக்கு அரை ஸ்பூன் உப்பு, முக்கால் கப் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் வடை மாதிரி தட்டி எண்ணெயில் ரெண்டு பக்கமும் பொன்னிறமாக எடுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே களி. மோர், முட்டை, ஓவன் எதுவும் வேண்டாம். எனக்கு உண்மையில் இதுதான் மேல்.

---

அடுப்படி_அரசியல்

சாற்றில் தொட்டுச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவதா என்பதற்கே பத்திரிகையில் யுத்தம் நடந்திருக்கிறது. 1931-ல் லூசியானா கவர்னர் ஹூயி லாங், கீரை வெந்த சாற்றில் (பாட்லிக்கர்) கார்ன்பிரெட்டை முக்கித்தான் சாப்பிடணும் என்றார். அட்லாண்டா பத்திரிகை ஆசிரியர் ஜூலியன் ஹாரிஸ், இல்லை, உதிர்த்துப் போடணும் என்று எதிர்த்து எழுதினார். வாரக்கணக்கில் வாசகர் கடிதங்கள் குவிந்தன. பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த சமயம்!

நான் உதிர்க்கும் கட்சி.

---

வாணி_ராலே

முக்கும் கட்சி. உதிர்த்தால் அந்த மொறு தோல் ஊறிப் போய்விடும், அப்புறம் இரும்புச் சட்டியைச் சூடேற்றியது எதற்கு?

மஞ்சள் ஸ்குவாஷை யாரும் தொடவில்லை. வட்டமாக நறுக்கி, அதே அளவுக்குக் கொஞ்சம் குறைவாக வெங்காயம், ஒரு கட்டி வெண்ணெய், உப்பு, நிறைய மிளகு. தண்ணீரே விடாமல் மூடி சிறுதீயில் இருபது நிமிஷம். பிறகு மூடியைத் திறந்து, விட்ட நீர் சுண்டி ஓரங்கள் பழுக்கும்வரை வையுங்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. சாப்பிட்டால் தெரியும். தோல் தடித்த முற்றலை வாங்காதீர்கள், கையகலத்துக்கு மேல் போனால் விதைதான்.

பச்சைத் தக்காளியை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நறுக்கி உப்புத் தூவிக் கால்மணி நேரம் வைத்து, ஒற்றி எடுத்து, மைதா, பட்டர்மில்க், கார்ன்மீல் என்று வரிசையாகப் புரட்டி, எண்ணெயில் புரட்டிப் போட்டு எடுங்கள். உள்ளே புளிப்பு, வெளியே கரகரப்பு. கடினமான காய்தான் வேண்டும், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் குழைந்துவிடும்.

---

சங்கரன்கோவிலார் | மகன் வீடு, டல்லாஸ்

அம்மா, வணக்கம். நான் ஆறு மாச விசாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கேன். இவ்வளவு காய் வருதுன்னு சொல்லுதீங்களே, மிச்சத்தை என்ன செய்தீங்க? நம்ம ஊர்ல வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் மோர்ல போட்டு வத்தல் போட்டுருவோம். இவங்க என்ன செய்தாங்க? டல்லாஸ் வெயிலுக்கு மொட்டைமாடி இல்லையேன்னு எனக்கு ஒரே விசனம்.

---

சட்டிப்பானை

ஐயா, இவர்களுக்கும் வத்தல் உண்டு! எங்கள் டென்னசி மலைப்பக்கத்திலும் கென்டக்கியிலும் 'லெதர் பிரிட்சஸ்' என்று ஒன்று. முழு பீன்ஸை நார் எடுத்து, ஊசி நூலில் பூச்சரம் கோப்பது போல் நடுவில் கோத்து, திண்ணையிலோ அடுப்புக்கு மேலேயோ தொங்கவிடுவார்கள். காய்ந்து தோல் வார் மாதிரி சுருண்டுவிடும். குளிர்காலத்தில் ராத்திரி ஊறவைத்து மெதுவாக வேகவைத்தால் பச்சைக் காயில் இல்லாத ஒரு கெட்டிச் சுவை வரும். மோரும் உப்பும் கிடையாது, வறுப்பதும் கிடையாது.

ஆனால் ஜார்ஜியா ஈரக்காற்றில் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். கீழே சமவெளிக்காரர்கள் அதனால்தான் ஜாடியில் அடைக்கிறார்கள், இப்போது ஃப்ரீசரில் போடுகிறார்கள்.

---

மட்டுறுத்துநர்

ஜாடி என்றதும் குறுக்கே வருகிறேன், இது உயிர் விஷயம்.

பீன்ஸ், பயறு, வெண்டை, சோளம் போன்ற புளிப்பில்லாத காய்களை ஜாடியில் அடைத்து வெறும் கொதிநீரில் வைத்து எடுப்பது ஆபத்து. பாட்டுலிசம் உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநீர்ச் சூட்டில் சாகாது. காற்றுப் புகாத ஜாடிக்குள் அது முளைத்து நஞ்சு உண்டாக்கும். மணமோ நிறமோ மாறாமலே இருக்கலாம். 240 டிகிரி ஃபாரன்ஹீட் (116 செல்சியஸ்) வரை போகும் பிரஷர் கேனர் (ஜாடி அடைப்பதற்கென்றே உள்ள அழுத்தப் பாத்திரம்) வேண்டும். நம் குக்கரும் இன்ஸ்டன்ட் பாட்டும் அதற்கு ஈடாகாது. 'எங்கள் பாட்டி அப்படித்தான் செய்தார்' என்ற வாதத்தை இந்த இழையில் அனுமதிக்கப் போவதில்லை.

அளவும் நேரமும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

பயம் இல்லாத வழி ஃப்ரீசர். உரித்த பயறைக் கொதிநீரில் 2 நிமிடம், முழு வெண்டைப் பிஞ்சை 3 நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, வடித்து, பையில் தட்டையாக அடுக்குங்கள். வெண்டைக்காய் ஊறுகாய் போட ஆசை என்றால் 5 சதவீத வினிகரில், சோதித்த செய்முறைப்படி போடுங்கள். வினிகரைத் தண்ணீர் விட்டு இஷ்டத்துக்கு இளக்க வேண்டாம்.

---

சங்கரன்கோவிலார்

நல்லதுய்யா. மருமகள்ட்ட படிச்சுக் காட்டிட்டேன். அவ நேத்துதான் ஜாடி வாங்கிட்டு வந்தா.

---

செம்மண்வீடு

ஹாட் வாட்டர் கார்ன்பிரெட் போட்டேன், பிள்ளைகள் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்னுட்டாங்க. கறுக்கத் தீய்ச்ச வெங்காயம் போட்ட பயறை வீட்டுக்காரர் "இதில் கறி எங்கே போட்டே?"ன்னு கேட்டார். வாணி, உங்களுக்கு ஒரு கும்பிடு.

கடைசிக் கேள்வி. காலர்டு கீரை (முட்டைக்கோஸ் குடும்பத்துத் தடிச்ச இலைக் கீரை) நானே போடணும்னு இருக்கேன். எப்ப விதைக்கிறது? மண் வெறும் செம்மண், மழை பெய்தா களி, வெயில் அடிச்சா ஓடு. அப்புறம் ஊரிலிருந்து அம்மா வர்றாங்க, நாட்டு வெண்டை விதை கொண்டுவரச் சொல்லலாமா?

---

கரிசல்மைந்தன்

விதை வேண்டாம்க்கா. சான்றிதழ் இல்லாத விதையை ஏர்போர்ட்டில் பறிச்சுடுவாங்க, சொல்லாம கொண்டுவந்தா அபராதமும் உண்டு. இங்கயே 'கிளெம்சன் ஸ்பைன்லெஸ்' விதை எல்லாக் கடையிலும் கிடைக்கும், 1939-ல் பரிசு வாங்கின ரகம், முள் குறைவு. அடுத்த வருஷம் மண் நல்லா சூடேறினப்புறம், மே மாசம் போடுங்க. காய்க்க ஆரம்பிச்சா ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, இல்லைன்னா கையெல்லாம் அரிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டா வேர் முடிச்சுப் புழு பிடிக்கும், இடத்தை மாத்துங்க.

காலர்டுக்கு: முதல் வேலையா உங்க கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸில் (வட்டார விவசாய ஆலோசனை அலுவலகம்) மண் பரிசோதனைக்குக் கொடுங்க. ரொம்பச் சொற்பக் காசுதான். ஜார்ஜியாச் செம்மண் பெரும்பாலும் அமிலம், காலர்டுக்கு ஆகாது. எவ்வளவு சுண்ணாம்பு போடணும்னு அவங்களே எழுதிக் கொடுப்பாங்க. சுண்ணாம்பு வேலை செய்ய மாசக்கணக்காகும், அதனால் இப்பவே போடுங்க. களிக்கு இலைமக்குதான் மருந்து. ஆகஸ்டில் விதை போட்டு செப்டம்பரில் நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்க. பச்சைப் புழு வரும், காலையில் இலையைத் திருப்பிப் பாத்து நசுக்கிடலாம். அதிகமானா 'Bt'ங்கிற மருந்து அடிங்க, அது பாக்டீரியாதான், சாப்பாட்டுக்குப் பழுதில்லை. நவம்பரில் முதல் உறைபனி விழுறவரைக்கும் பொறுமை. குளிருக்கு இலை தனக்குள்ள சர்க்கரையைச் சேர்த்துக்கும், கசப்பு குறையும். அடி இலையா பறிச்சுக்கிட்டே வந்தா பிப்ரவரி வரைக்கும் வரும்.

சமைக்கிறப்போ நடு நரம்பைக் கிழிச்சு எடுத்துட்டு, தொட்டியில் தண்ணி நிரப்பி மூணு தரம் அலசுங்க. மணல் கடிபட்டா அன்னிக்கு சாப்பாடே போச்சு. இலையைச் சுருட்டி ரிப்பனா அரிஞ்சு, வாணி சொன்ன கறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாயோட முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் சிறுதீயில். நம்ம அரைக்கீரை மாதிரி அஞ்சு நிமிஷத்தில் இறக்கிட்டு ரப்பர் மாதிரி இருக்குன்னு சொல்லாதீங்க.

---

யாழ்நிலா

மேசையிலை வைக்கிற மிளகாய் வினிகரை மறந்திட்டீங்கள். சின்னக் கண்ணாடிப் போத்தல் நிறையக் கொச்சி மிளகாய் மாதிரிக் குட்டி மிளகாயைக் கழுவித் துடைச்சு, ஒவ்வொண்டிலும் ஊசியாலை ஒரு குத்து. அதுக்கு மேலை சூடாக்கின வினிகரை விட்டு மூடி, ஃப்ரிட்ஜிலை ரெண்டு மூண்டு கிழமை வையுங்கோ. கீரைக்கு மேலை நாலு துளி தெளிச்சால் போதும், உப்புக்கும் கொழுப்புக்கும் இருக்கிற வேலை பாதியாய்க் குறையும். வினிகர் முடிஞ்சால் அதே மிளகாயிலை திரும்ப விடலாம், காரம் போகும்வரைக்கும். மிளகாயை இப்பவே பிடுங்கி வையுங்கோ, காலர்டு வரேக்கை போத்தல் தயாராய் இருக்கும்.